5.6 கோடி ஆண்டுக் கதையில் விடுபட்டுப்போன வேலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி திடீரென்று சூடான காலத்தைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படி ஒரு விஷயத்துக்குத் தமிழில் முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் ஒரு இடம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கடலடிச் சேற்றில் கிடைத்த நுண்ணுயிர்ப் புதைபடிவங்களை வைத்து விஞ்ஞானிகள் இதை அறிந்தார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, கட்டுரை நேராகக் கார்பன் கணக்குக்குப் போய்விடுகிறது. எந்த நுண்ணுயிர், பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும் நூறு உறவுகளிலிருந்து அதை எப்படிப் பிரித்தார்கள், அந்த அடையாளங்களை முதன்முதலில் எழுதி வைத்தது யார் என்று எதுவுமே இல்லை. நான் கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இந்த ஒரு வரிக்குள் அடங்கிப்போன வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதத் தோன்றுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நுண்ணுயிருக்குப் பெயர் இருக்கிறது. அபெக்டோடினியம் அகஸ்டம். டைனோஃப்ளஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் உயிரினக் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்றின் சிஸ்ட், அதாவது கடினமான கூடு. 2004ல் வட துருவத்துக்குப் பக்கத்தில், லோமொனோசொவ் மலைமுகடு என்ற கடலடி மேட்டில், பனியை உடைக்கும் கப்பல்களின் துணையோடு துளையிட்டு மண்ணுருளைகளை எடுத்தார்கள். அதில் ஒரு பகுதியில் இந்தச் சிஸ்ட் கிடைத்தது. அந்தச் சூட்டுக் காலத்துப் படிவுகளில் கனமான கார்பன் வகையின் (கார்பன்-13 ஐசோடோப்பின்) பங்கு சட்டென்று குறையும், அந்தச் சரிவும் அதே இடத்தில் இருந்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் இது அந்தச் சூட்டுக் காலத்தின் படிவு என்று உறுதியாயிற்று. அப்புறம் அதே படிவில் இருந்த ஆர்க்கியா (பாக்டீரியா மாதிரித் தெரியும், ஆனால் வேறான ஒற்றைச் செல் உயிர்கள்) வகை நுண்ணுயிர்களின் கொழுப்பு மூலக்கூறுகளை அளந்து, ஆர்க்டிக் கடலின் மேற்பரப்பு வெப்பம் 18 டிகிரியிலிருந்து 23 டிகிரிக்கும் மேலே போயிருக்கிறது என்று 2006ல் எழுதினார்கள். உங்கள் கட்டுரையில் பெரிய எழுத்தில் போட்டிருந்த எண் இதுதான். வெப்பத்தைச் சொன்னது கொழுப்பு. அது எந்தக் காலத்து வெப்பம் என்று சொல்வதில் பெரும்பங்கு இந்தச் சிஸ்ட்டுக்கு. காலம் தெரியாத வெப்பநிலையை வைத்துக்கொண்டு யாரும் எதையும் செய்ய முடியாது.

டைனோஃப்ளஜெல்லேட் என்றால் பலருக்குப் புதிய பெயராக இருக்கும், ஆனால் பார்த்தவர்கள் நிறையப் பேர். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவில் அலை நீலமாக ஒளிர்ந்து ஊரே திரண்டு போய்ப் பார்த்ததே, அது நாக்டிலூக்கா என்ற டைனோஃப்ளஜெல்லேட். கடல் சில நாள் செந்நிறமாக மாறுவதற்கும் பல நேரங்களில் இந்தக் கூட்டம்தான் காரணம். நாக்டிலூக்கா புதைபடிவமாகக் கிடைப்பதில்லை. வேறு சில இனங்கள் இனப்பெருக்கத்தை ஒட்டி ஓர் உறங்கும் கட்டத்துக்குப் போகின்றன, அப்போது செல்லைச் சுற்றி மிக உறுதியான கரிமச் சுவர் ஒன்று உருவாகிறது. சூழ்நிலை சரியானதும் உள்ளே இருக்கும் செல் கூட்டில் ஒரு திறப்பை ஏற்படுத்திக்கொண்டு வெளியே போய்விடும், காலிக்கூடு சேற்றில் தங்கிவிடும். இன்று உயிரோடிருக்கும் இனங்களில் ஒரு சிறு பங்குதான் இப்படித் தாங்கி நிற்கும் கூட்டை உண்டாக்குகிறது என்றாலும், இருபது கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய டிரயாசிக் காலத்திலிருந்து இன்று வரை கடற்படிவுகளில் இவை ஏராளம்.

கூடு எவ்வளவு உறுதி என்றால், பாறைத்தூளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுச் சுண்ணாம்பைக் கரைத்து, அப்புறம் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் போட்டு மணலையும் களிமண்ணையும் கரைத்த பிறகும் அது அப்படியே மிஞ்சும். கண்ணாடியையே தின்னும் அமிலம் அது. தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரை போகும், அதனால் புகையுறிஞ்சும் கூண்டுக்குள், கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டுதான் வேலை. மிஞ்சியதை 10 அல்லது 15 மைக்ரான் கண்ணுள்ள வலையில் சலித்து, ஸ்லைடில் பரப்பி, மேலே மெல்லிய கண்ணாடியை மூடிய பிறகுதான் நுண்ணோக்கியில் கண்ணை வைக்கலாம். இவ்வளவும் வெறும் முன்வேலை.

உண்மையான வேலை இதற்கப்புறம். ஒரு சிஸ்ட் புதிய சிற்றினம் என்று சொல்ல வேண்டுமென்றால் என்னென்ன பார்க்க வேண்டும் தெரியுமா? மேல்பக்கம், கீழ்ப்பக்கம், முதுகு, வயிறு எது என்று முதலில் திசை பிடிக்க வேண்டும். நசுங்கித் தட்டையாகிப்போன ஒரு கூட்டில் அதுவே பாதி நாள் வேலை. அப்புறம் சுவர் ஒன்றா இரண்டா, இரண்டென்றால் நடுவில் இடைவெளி சுற்றிலும் இருக்கிறதா அல்லது கொம்புகளில் மட்டும் இருக்கிறதா, சுவரின் மேற்பரப்பு வழுவழுப்பா சொரசொரப்பா, முட்கள் இருந்தால் அவை உள்ளீடற்றவையா, நுனியில் மூடியவையா கிளைத்தவையா, ஒரு ஒழுங்கில் நிற்கின்றனவா எல்லா இடத்திலும் சிதறி நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். நீந்தித் திரியும் கட்டத்தில் செல்லின் மேல் சட்டம் சட்டமாகத் தகடுகள் இருக்கும். அந்தத் தகடுகளுக்கு வரிசை எண் கொடுக்கும் முறையைச் சார்லஸ் கோஃபாய்ட் என்ற அமெரிக்கர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏற்படுத்திவிட்டார், இன்றும் அந்த முறையைத்தான் பயன்படுத்துகிறோம். சிஸ்ட்டில் தகடே இருக்காது. ஆனால் முட்கள் நிற்கும் இடத்திலும், மெல்லிய வரப்புகளிலும், முக்கியமாகச் செல் வெளியேறிய திறப்பின் ஓரங்களிலும் தகடுகளின் தடம் பதிந்திருக்கும். அந்தத் திறப்புக்கு ஆர்க்கியோபைல் என்று பெயர். எந்தத் தகட்டின் இடத்தில் திறந்தது, எத்தனை தகடு அகன்றது, மூடி முழுக்கக் கழன்றதா ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை வைத்துத்தான் அது எந்தக் குடும்பம், எந்தப் பேரினம் என்ற பேச்சே தொடங்குகிறது.

சரி, ஒரே ஒரு கூட்டைப் பார்த்துவிட்டுப் பெயர் வைத்துவிடலாமா என்றால் கூடாது. ஒரே வயலில் விளைந்த நெல்மணிகளில்கூடச் சின்னதும் பெரிதும் உண்டு, இதுவும் அப்படித்தான். பல மாதிரிகளை அளந்து, மிகச் சிறியது எவ்வளவு, மிகப் பெரியது எவ்வளவு, கொம்பு நீளம் எங்கிருந்து எங்கு வரை மாறுகிறது என்று எழுத வேண்டும். எந்தெந்தச் சிற்றினங்களோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பிருக்கிறதோ, அவை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, எந்த அடையாளத்தில் இது வேறு என்று எழுத வேண்டும். விவரிப்புக் கட்டுரைகளில் நான் மாணவர்களை முதலில் படிக்கச் சொல்வது இந்த ஒப்பீட்டுப் பகுதியைத்தான். எழுதியவர் எவ்வளவு பார்த்திருக்கிறார், எவ்வளவு நேர்மையாக யோசித்திருக்கிறார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

அகஸ்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இதன் உறவுகளில் முதலில் அறியப்பட்ட ஒன்று ஹோமோமார்ஃபம். பிரான்சின் ஜார்ஜ் டெஃப்லாண்டரும் ஆஸ்திரேலியாவின் இசபெல் குக்சனும் 1955ல் விவரித்தது. ஏறக்குறைய உருண்டை, உடம்பெல்லாம் முள். அதிலிருந்து ஐந்து மூலை லேசாகத் தெரிகிறவை, மூலைகள் நன்றாகவே தெரிகிறவை, கொம்புகள் நீண்டு விரிந்து நிற்கிறவை என்று படிப்படியாகப் போகும், நடுவில் வெட்டு ஒன்றும் கிடையாது. ஒரே ஸ்லைடில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வடிவங்களைப் பார்க்கலாம், இரண்டுக்கும் இடைப்பட்டதையும் பார்க்கலாம். பிரிட்டிஷ் ஆய்வாளர் ரெக்ஸ் ஹார்லண்ட் வடமேற்கு ஐரோப்பாவின் படிவுகளிலிருந்து இந்தக் கூட்டத்தை மொத்தமாக எடுத்துப் பார்த்தார். இது ஒன்றோடொன்று இழையும் கூட்டம் என்பதை ஒளிக்காமல் சொல்லிக்கொண்டே, அதில் எங்கெங்கே கோடு போடலாம் என்று வரையறுத்தார். கொம்புகள் நன்றாக நீண்டு விரிந்த அந்தக் கடைசி முனைக்கு அகஸ்டம் என்ற தனிப் பெயர் அங்கேதான் பிறந்தது.

அந்தக் கோடு எவ்வளவு பயனுள்ளது என்பது பின்னால்தான் முழுசாகத் தெரியவந்தது. அபெக்டோடினியம் பேரினம் மொத்தமும் அந்தச் சூட்டுக் காலத்தில் உலகம் முழுக்கப் பெருகியது, நியூசிலாந்திலும் இருக்கிறது ஆஸ்திரியாவிலும் இருக்கிறது. அதனால் பேரினத்தை மட்டும் பார்த்தால் காலத்தை இறுக்கிப் பிடிக்க முடியாது. அகஸ்டம் என்ற சிற்றினமோ வட கடல், டென்மார்க்கின் ஃபூர் தீவு, ஸ்பிட்ஸ்பெர்கன், ஆர்க்டிக் என்று வட அட்லாண்டிக்கைச் சுற்றிய பகுதிகளில் சுமார் 2 லட்சம் ஆண்டுகள் நீடித்த அந்தச் சூட்டுக் காலத்தை ஒட்டியே வருகிறது. வட கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களுக்கு இது நல்ல அடையாளம். எல்லாமே அபெக்டோடினியம்தானே, எதற்கு இவ்வளவு நுணுக்கம் என்று ஹார்லண்ட் அன்று விட்டிருந்தால், 2004ல் வட துருவத்தில் அந்தப் படிவின் காலத்தை அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு தகவலும் சொல்ல வேண்டும், உங்கள் வாசகர்களுக்குப் பிடிக்கும். அகஸ்டத்தின் முதல் விவரிப்பு லண்டனிலோ பாரிஸிலோ வெளிவரவில்லை. 1976-77ல் லக்னோவில் நடந்த நான்காவது சர்வதேச பேலினாலஜி (மகரந்தம், வித்து, இதுபோன்ற நுண்கூடுகளை ஆராயும் துறை) மாநாட்டின் தொகுதியில், 1979ல் வந்தது. ஆர்க்டிக் வெப்பத்தைப் பற்றி உலகப் புகழ் பெற்ற ஒரு கண்டுபிடிப்பின் அடியில் இந்தியாவில் அச்சான சில பக்கங்கள் இருக்கின்றன. நம் பத்திரிகையில் அதைச் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

இனி வகைப்பாட்டைப் பற்றி. பெயரைத்தான் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கிறார்களே, பிறகு என்ன அறிவியல் என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அகஸ்டத்தின் பெயரும் மாறியிருக்கிறது. ஹார்லண்ட் அதை வெட்சலியெல்லா பேரினத்தில், அபெக்டோடினியம் என்ற துணைப்பேரினத்தின் கீழ் வைத்தார். 1981ல் லென்டின், வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்கள் அபெக்டோடினியத்தைத் தனிப் பேரினமாகக் கொண்டு அதன் கீழ் கொண்டுவந்தார்கள். 2015ல் வில்லியம்ஸும் கூட்டாளிகளும் இந்தத் துணைக்குடும்பம் முழுவதையும் ஆர்க்கியோபைலின் வடிவத்தை முதன்மையாக வைத்துத் திரும்ப அடுக்கியபோது, இது ஆக்ஸியோடினியம் என்ற புதிய பேரினத்துக்குப் போனது. அந்த மறு அடுக்கலை எல்லோரும் ஏற்கவில்லை. திறப்பின் வடிவத்துக்கு இவ்வளவு எடை கொடுக்கலாமா என்று எதிர்த்து எழுதியவர்கள் இருக்கிறார்கள், பழைய பெயரிலேயே எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், திறப்பின் வடிவம் நல்ல அடையாளம்தான், ஆனால் நசுங்கிய மாதிரிகளில் அதைச் சரியாகப் படிப்பது எளிதல்ல, அதனால் அதை மட்டுமே நம்பிப் பேரினம் பிரிப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. நடக்கட்டும் அந்த விவாதம். இத்தனை மாற்றத்திலும் எது மாறவில்லை என்று கவனியுங்கள். 1979ல் எழுதிய விவரிப்பு மாறவில்லை. அதில் இருக்கும் படம் மாறவில்லை. அகஸ்டம் என்ற சிற்றினப் பெயர் கூடவே வருகிறது. ஹோலோடைப், அதாவது அந்தப் பெயரைத் தாங்கும் அந்த ஒற்றை மாதிரி, மாறவில்லை. சண்டை போடுகிற இரண்டு தரப்பும் ஒரே கூட்டைப் பற்றித்தான் பேசுகிறது. நல்ல விவரிப்பு ஒன்று இருந்துவிட்டால், அதன் மேல் எத்தனை விவாதம் வந்தாலும் பொருள் தொலைந்துபோகாது.

இதற்கு இன்னும் பழைய சாட்சியும் இருக்கிறது. 1830களில் பெர்லினில் கிறிஸ்டியன் எஹ்ரன்பெர்க் சிக்கிமுக்கிக் கல்லை மெல்லிய சில்லாக்கி நுண்ணோக்கியில் பார்த்தார். அதில் தெரிந்த சில உருவங்களை டைனோஃப்ளஜெல்லேட் என்று அப்போதே சரியாகப் பிடித்துவிட்டார், பெரிடினியம் என்ற பெயரிலேயே எழுதினார். ஆனால் அதே கல்லில் முள்முள்ளாக இருந்த உருண்டைகளை நன்னீர்ப் பாசி வகை என்று நினைத்து சாந்திடியம் என்ற பேரினத்தில் போட்டார். பிறகு இங்கிலாந்தில் கிடியன் மேன்டெல் அவற்றுக்கு ஸ்பினிஃபெரைட்டஸ் என்று பெயர் வைத்தார், ஜெர்மனியில் ஓட்டோ வெட்சல் 1933ல் வேறு பெயர் வைத்தார். அது என்ன உயிர் என்பதே நூறு ஆண்டுக்கு மேல் யாருக்கும் பிடிபடவில்லை.

அதை அவிழ்த்தவர் வில்லியம் எவிட், அமெரிக்காவில் ஒரு எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1961ல் அவர் எழுதிய கட்டுரையை இந்தத் துறைக்கு வருகிற ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும் என்பேன். புதிய கருவி எதுவும் இல்லை, அதே நுண்ணோக்கி, அதே மாதிரிக் கூடுகள். அந்த உருண்டைகளில் பலவற்றில் ஒரு ஓட்டை இருப்பதை எல்லோரும் பார்த்திருந்தார்கள், உடைந்தது என்று விட்டிருந்தார்கள். எவிட் அந்த ஓட்டை எப்போதும் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் வருவதைக் கவனித்தார். டைனோஃப்ளஜெல்லேட்டின் ஒரு தகடு இருக்க வேண்டிய இடத்தில் அது அப்படியே பொருந்தியது. முட்கள் நிற்கும் வரிசையும் தகடுகளோடு பொருந்தியது. அப்படியானால் இவை டைனோஃப்ளஜெல்லேட்டின் கூடுகள், ஓட்டை என்பது உள்ளே இருந்த செல் வெளியே போன வாசல். எவிட் சொன்னதை அடுத்த சில ஆண்டுகளில் டேவிட் வாலும் பேரி டேலும் கண்முன்னே காட்டிவிட்டார்கள். கடலடிச் சேற்றிலிருந்து உயிருள்ள சிஸ்ட்களைப் பொறுக்கி, அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வுக்கூடத்தில் வளர்த்து, செல் வெளியே வருவதைப் பார்த்தார்கள். ஸ்பினிஃபெரைட்டஸ் மாதிரிக் கூட்டிலிருந்து வந்தது கோனியாலாக்ஸ் என்று உயிரியலாளர்கள் ஏற்கெனவே அறிந்திருந்த உயிர். கோனியாலாக்ஸில் ஒரே சிற்றினம் என்று நினைத்திருந்த ஒன்றிலிருந்து பல வகைக் கூடுகள் வருவதும் தெரிந்தது, அதனால் கூட்டுக்கு ஒரு பெயர், நீந்தும் உயிருக்கு ஒரு பெயர் என்று இரண்டையும் இன்றும் வைத்திருக்கிறார்கள், தாவரவியல் பெயரிடல் விதிகளும் அதை அனுமதிக்கின்றன. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது குழப்பமாகத் தெரியலாம், ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி ஒன்றாக ஒட்டிவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எஹ்ரன்பெர்க்கின் சேகரிப்பு இன்றும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ராமோசஸ் என்று அவர் வைத்த சிற்றினப் பெயர் இன்றும் ஸ்பினிஃபெரைட்டஸ் ராமோசஸ் என்று புழக்கத்தில் இருக்கிறது. அது எந்த உயிர் என்பதில் அவர் எடுத்த முடிவு நிற்கவில்லை, ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி வரைந்து வைத்ததால் அவர் பெயரிட்டது எதை என்பதில் சந்தேகமே வரவில்லை.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு நம் ஊருக்கு வருகிறேன். லண்டன் களிமண் என்ற, இங்கிலாந்தின் ஈயோசீன் காலப் (அந்தச் சூட்டுக் காலத்தை ஒட்டித் தொடங்கிய காலம்) படிவிலிருந்து 1966ல் டேவி, வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்கள் ஒரு சிஸ்ட்டை விவரித்தார்கள், இப்போது அதன் பெயர் டாப்சிலிடினியம் பாஸ்டியெல்சியை. பனியுகங்களின் காலமான பிளைஸ்டோசீனின் தொடக்கத்தோடு அது அழிந்துபோனதாகத்தான் நினைத்திருந்தார்கள். மேற்குப் பசிபிக்கின் வெதுவெதுப்பான நீரில் அது உயிரோடு இருக்கிறது, கூட்டிலிருந்து செல்லும் வெளிவருகிறது என்று 2014ல் எழுதினார்கள். சேற்றில் கிடைத்த உயிருள்ள கூடு ஒன்றைப் பார்த்து இது அந்த ஈயோசீன் காலத்துக் கூடுதான் என்று சொல்ல முடிந்தது எதனால்? கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுக்கு முன் யாரோ இரண்டு பேர் முட்களின் நுனி வரை பார்த்து எழுதி வைத்ததனால்.

நம் காவிரிப் படுகையிலும் இந்தக் கூடுகள் உண்டு. திருச்சி பக்கம் டால்மியாபுரத்தில் சிமென்ட்டுக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்கும் சுரங்கத்தில் தெரியும் சாம்பல் நிறக் களிப்பாறை டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டமான கிரெட்டேசியஸ் காலத்தது, அதிலிருந்து கிடைத்த சிஸ்ட்களை லக்னோவில் புதைபடிவத் தாவரங்களை ஆராயும் பீர்பால் சாஹ்னி நிறுவன ஆய்வாளர்கள் 1970களிலேயே விவரித்து எழுதியிருக்கிறார்கள். அரியலூர் என்றால் நம் பத்திரிகைகளுக்கு டைனோசர் எலும்பும் சுருள் ஓடு கொண்ட கடலுயிரான அம்மோனைட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. கண்ணுக்குத் தெரிவதைப் படம் பிடித்துப் போடுவது சுலபம், அது புரிகிறது. ஆனால் ஆழத்தில் துளையிட்டு எடுத்த பாறைத்துண்டில் முழு எலும்போ முழு அம்மோனைட்டோ கிடைப்பது அபூர்வம். விரல்நுனி அளவு பாறையிலும் ஆயிரக்கணக்கில் கிடைக்கக் கூடியவை இந்தக் கூடுகள்.

என் ஆதங்கம் இரண்டு. முதலாவது, விவரிக்கிற வேலைக்கு மதிப்பே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. ஆய்வுக்கட்டுரைகளில் சிற்றினப் பெயருக்குப் பக்கத்தில் விவரித்தவர் பெயரையும் ஆண்டையும் போடுவார்கள், ஆனால் கட்டுரையின் கடைசியில் வரும் நூற்பட்டியலில் அந்த மூலக்கட்டுரை பெரும்பாலும் இருக்காது. பட்டியலில் இல்லாவிட்டால் மேற்கோள் எண்ணிக்கையில் வராது. எண்ணிக்கையில் வராவிட்டால் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் உதவாது. இது தெரிந்த பிறகு எந்த மாணவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து முட்களின் நுனியை வரைவார்? நல்ல கண்ணும் பொறுமையும் உள்ள பிள்ளைகள் இந்தப் பக்கமே வராமல் போவதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன், அதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

இரண்டாவது, ஸ்லைடுகள். பெயரிடல் விதிகள் இதில் கறாரானவை. புதைபடிவச் சிற்றினத்துக்குப் பெயர் வைத்தால் அது எந்த மாதிரியின் மேல் நிற்கிறது என்று காட்ட வேண்டும், 1990 முதல் அந்த மாதிரி எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும், 2001 முதல் அந்த மாதிரியின் படத்தையும் இன்னதென்று குறித்து வெளியிட வேண்டும். ஒரு ஸ்லைடில் ஆயிரம் துகள் கிடக்கும், அதில் ஹோலோடைப் எது என்று கண்டுபிடிக்க இங்கிலாந்து ஃபைண்டர் என்ற கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டை வைத்து இடத்தைக் குறித்துக் கொடுப்பார்கள். இவ்வளவு கவனமும், ஸ்லைடு நன்றாக இருந்தால்தான் பயன்படும். கிளிசரின் ஜெல்லியில் பதித்த ஸ்லைடு ஓரம் சரியாக மூடப்படாவிட்டால் காய்ந்து சுருங்கும், சூட்டில் இளகினால் கூடு இடம் நகர்ந்துவிடும், குறித்து வைத்த இடத்தில் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஒரு கல்லூரியில் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரின் ஸ்லைடுப் பெட்டிகள் சன்னலோர அலமாரியில் வெயில் பட்டுக் கிடந்ததைப் பார்த்தேன், லேபிள்கள் கழன்று பெட்டியின் அடியில் குவிந்திருந்தன. லேபிள் போன ஸ்லைடு எந்தக் கிணறு, எந்த ஆழம் என்று சொல்லாது. வெளியிடப்பட்ட மாதிரிகள் அதில் இருந்திருந்தால் அந்த விவரிப்புகளைச் சரிபார்க்க இனி யாராலும் முடியாது.

துறைத் தலைவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடம் நேரடியாகவே கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அலமாரிகளைத் திறந்து பாருங்கள். வெளியிடப்பட்ட கட்டுரையில் எண் குறிப்பிட்ட ஸ்லைடுகளைத் தனியே எடுங்கள். வைத்துக்கொள்ள வசதி இல்லாவிட்டால், மாதிரிகளை முறையாகப் பாதுகாக்கும் அருங்காட்சியகம் உள்ள நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு ஒப்படையுங்கள். எழுதிய ஆசிரியர் உயிரோடு இருக்கும்போதே அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து லேபிள்களைச் சரிபார்த்துவிடுங்கள், பின்னால் அது நடக்காது.

உங்களிடம் கேட்பது இதைவிடச் சின்ன விஷயம். புதைபடிவத்தைப் பற்றிய செய்தி வரும்போது அதன் பெயரைப் போடுங்கள், வாசகர்கள் பயந்துவிட மாட்டார்கள், கிரிக்கெட் வீரர்களின் பெயரையும் மருந்துகளின் பெயரையும் படித்துவிடுகிறவர்கள் இதையும் படித்துவிடுவார்கள். யார் எப்போது விவரித்தார், எந்த அடையாளத்தில் அது வேறு, மாதிரி எங்கே இருக்கிறது என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். அந்த ஞாயிறு கட்டுரையின் இணையப் பதிப்பில் அகஸ்டத்தின் பெயரையும் 1979 லக்னோ தொகுதியையும் இப்போதே சேர்த்துவிட முடியும் என்று நினைக்கிறேன். படம் வேண்டுமென்றால், வகுப்பில் சொல்லிக்கொடுக்க நான் வரைந்து வைத்திருக்கும் கோட்டுப்படங்கள் இருக்கின்றன, ஹோமோமார்ஃபத்திலிருந்து அகஸ்டம் வரை வரிசையாக. கேட்டால் அனுப்பிவைக்கிறேன், பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நிலவியல் ஆசிரியர்,
திருச்சி